விஷத்தில் பிழைத்த கிடாவை எப்போது சேர்க்கலாம்?

கேள்வி: பக்கத்து வயலில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து அடித்த மறுநாள் எங்கள் வெள்ளாடுகள் வரப்பில் மேய்ந்துவிட்டன. பொலிகிடா மட்டும் எச்சில் ஒழுக நடுங்கி விழுந்தது; ஊசி போட்டுப் பிழைத்தது. மூன்று வாரம் ஆகிறது. பெட்டைகளோடு சேர்க்கலாமா? குட்டி ஊனமாகப் பிறக்குமா?

பதில்: இன்னும் ஒன்றரை மாதம் பொறுங்கள்.

நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் ஒரு நொதி உடைத்துவிடும். இந்தப் பூச்சிமருந்து அந்த நொதியை முடக்குகிறது. மூளையும் சுரப்பிகளும் தசையும் ஓயாமல் தூண்டப்படுவதால்தான் எச்சிலும் நடுக்கமும். அட்ரோபின் ஊசி எச்சில் ஒழுகல் போன்ற அறிகுறிகளை அடக்குமே தவிர, முடங்கிய நொதியை மீட்காது. உடம்பு புதிதாகச் சுரந்துதான் ஈடுகட்ட வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இப்போது உண்ணிக்கென்று மாலத்தியான் போன்ற அதே வகை மருந்தைப் பூசிவிடாதீர்கள். பின்னங்கால் தள்ளாடுகிறதா என்றும் பாருங்கள்; சில சமயம் நரம்புச் சேதம் இரண்டு மூன்று வாரம் கழித்தே தெரியும்.

அடுத்து கிடாவின் விதை (விரை). எலிகளுக்கு இதை வாரக்கணக்கில் தினமும் கொடுத்த ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தது, விந்தணு எண்ணிக்கை சரிந்தது, விதைக்குள் விந்தணு உருவாகும் குழாய்களும் சிதைந்தன. உங்கள் கிடா ஒரு நாள் மேய்ந்ததை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் சாவைத் தொட்டு வந்த உடம்பு. வெள்ளாட்டில் ஒரு விந்தணு உருவாக சுமார் 48 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் பத்துப் பன்னிரண்டு நாள். இப்போது வருவது விஷம் ஏறிய நாளில் விதையில் இருந்த சரக்கு. ஒன்றரை மாதம் என்றது அதனால்தான்.

குட்டி ஊனமாகும் என்ற பயம் எனக்கு இல்லை. அன்றைக்கு மேய்ந்த பெட்டைகளில் சினையாடு இருந்தால் அதை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பசுவைவிடக் காளைக்கு, அதிலும் வெளிநாட்டு இனக் காளைக்கு, இந்த மருந்து கடுமை.

கெடு முடிந்ததும் விதை இரண்டும் ஒரே அளவில், கெட்டியாக இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் விந்துப் பரிசோதனைக்கு விசாரிக்கலாம். முடியாவிட்டால் இரண்டு மூன்று பெட்டைகளோடு மட்டும் முதலில் விடுங்கள். சுமார் 21 நாளில் அவை மறுபடி பருவத்துக்கு வந்து கத்தினால் சினை நிற்கவில்லை. அடுத்த சுற்றிலும் அப்படியே என்றால் வேறு கிடா பார்த்துக்கொள்ளுங்கள்.