பஸ்ஸில் திகட்டும் சென்ட்

கேள்வி: அக்கா, துபாயிலிருந்து வந்த அண்ணன் மல்லிகையும் வெனிலாவும் கலந்த சென்ட் ஒன்று கொடுத்தான். வீட்டில் ஏ.சி. அறையில் அடித்துப் பார்த்தபோது அருமையாக இருந்தது. அதையே ஆபீசுக்கு அடித்துக்கொண்டு போனால் பஸ்ஸில் எனக்கே தலை வலிக்கிறது, பக்கத்தில் உட்காருகிறவர்களும் முகம் சுளிக்கிறார்கள். ஆவணியில் தங்கை கல்யாணம். அன்றைக்கு இதைப் போடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சென்ட் மேல் தப்பில்லை, நீங்கள் போடுகிற நேரம்தான் தப்பு. மல்லிகை வாசனை சில மணி நேரத்தில் அடங்கிவிடும். வெனிலா அப்படியில்லை, மெதுவாக ஆவியாகிற சரக்கு, தோலிலும் துணியிலும் சாயங்காலம் வரை ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஏ.சி.யில் சாதுவாக இருப்பது, வெயிலும் உடம்புச் சூடும் சேர்ந்தால் மொத்தமாகக் கிளம்பும், அதோடு வியர்வையும் கலந்தால் பாயசம் கொதிக்கிற அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பது போலத்தான், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பாவம் என்ன செய்வார்?

அதனால் பங்குனியிலிருந்து ஆடி வரை பகலில் இதைத் தொடாதீர்கள். ஆபீசுக்கு எலுமிச்சை, வெட்டிவேர் மாதிரி லேசாக ஏதாவது போதும். மல்லிகைதான் வேண்டுமென்றால் பாட்டிலில் 'ஓ டி டாய்லெட்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், பொதுவாக அதில் வாசனைச் சரக்கு குறைவு. 'ஓ டி பர்ஃபம்' அதைவிடக் கெட்டி. ஐப்பசி மழை தொடங்கட்டும், அப்புறம் உங்கள் பாட்டிலை எடுங்கள். மார்கழி ராத்திரியில் சால்வைக்குள்ளிருந்து வெனிலா மணப்பது தனி சுகம்.

கல்யாணத்துக்கு வருவோம். முகூர்த்தத்தன்று தலை நிறையப் பூ வைப்பீர்கள்தானே? 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி பின்னலில் இருக்கும்போது கழுத்தில் பாட்டில் மல்லிகை எதற்கு, இரண்டும் சண்டை போடும், தோற்பது பாட்டில்தான். சென்ட்தான் போடுவேன் என்று அடம்பிடித்தால் கனகாம்பரம் வையுங்கள், அதற்கு வாசனையே கிடையாது. என்னைக் கேட்டால் இந்த சென்ட்டை முதல்நாள் வரவேற்புக்கு எடுத்து வைத்துவிடுவேன்: சாயங்காலம், ஏ.சி. மண்டபம், அளவாகப் பூ. மணிக்கட்டில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு விஷயம், புடவை கட்டுவதற்கு முன்பே அடித்துக் காயவிடுங்கள். வெனிலாவில் இருக்கும் வெனிலின் நாளாக ஆக பழுப்பேறும், பாட்டிலுக்குள்ளேயே நிறம் மாறும். அதைப் பார்த்து கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள், ஆனால் வெளிர்நிறப் பட்டில் பட்டால் கறை போவது கஷ்டம்.