கடலோரக் கோல்ஃப்: குலுக்கலும் உருட்டலும்

கேள்வி: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் வெளியாட்கள் ஆடலாமா?

பதில்: தாராளமாக. ஃபைஃப் கடலோரத்தில் உள்ள அது பொதுத்திடல். எந்த கிளப்பின் சொத்தும் அல்ல. ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள், குறைந்தது இருவராகக் குலுக்கலுக்குப் பெயர் கொடுங்கள். ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) சான்று அவசியம். ஞாயிறன்று வழக்கமாக ஆட்டமில்லை. அன்று ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுவார்கள்! கற்றுக்குட்டிகளுக்கு, அதே ஊரில் சான்று கேட்காத 9 குழி பால்கோவ் திடலே சரி.

கேள்வி: அங்கே சாண்ட் வெட்ஜால் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) நான் அடித்த அடியெல்லாம் கிரீனை (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) தாண்டி ஓடியது. ஏன்?

பதில்: மணல் மண்ணில் நீர் தங்காது, தரை இறுகிக் கிடக்கும். வெட்ஜின் அகன்ற அடிப்பகுதி தரையில் பட்டுத் துள்ள, மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் மோதுகிறது. பந்து எழும்பாமல் சீறி ஓடும். எழும்பினாலோ காற்று இழுத்துப்போகும்.

அதற்குப் பதில், பந்தைத் தாழ அனுப்பும் செவன் அயர்ன் மட்டையை எடுங்கள். பந்து வலது பாதத்துக்கு நேரே, கைகள் பந்துக்குச் சற்று முன்னால், உடல் எடை இடது காலில் (வலக்கைக்காரர்களுக்கு). மணிக்கட்டை மடக்காமல், பட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது) செய்வதுபோலத் தோளால் வீசுங்கள். பந்து சிறிது தூரம் தாழப் பறந்து, மிச்சத்தை உருண்டே கடக்கும். பந்தைத் தூக்கிவிட மணிக்கட்டைச் சொடுக்கினால் பழைய கதைதான்.