ஆம்புலன்ஸை கேம்பர் வேனாக்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடலூர் முதுநகரில் வேன்களுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக் காலம் ஆம்புலன்ஸ் வேலைதான். அந்த வண்டிகள் இப்போது வயதாகித் திரும்பி வருகின்றன. "அண்ணே, இதிலேயே படுத்துத் தூங்கி ஊர் சுற்றுகிற மாதிரி செய்து கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். தட்டையான தளம், தலை இடிக்காத கூரை, சுவருக்குள் வயரிங், அகலமாகத் திறக்கும் பின்கதவு என்று கேம்பர் வேனுக்கு வேண்டியதில் முக்கால்வாசி அதில் ஏற்கெனவே இருக்கிறது. வெளியில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள், உள்ளே கை வைக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கேள்விகளுக்குப் போகலாம்.

அரசு ஏலத்தில் பழைய ஆம்புலன்ஸ் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே, எடுக்கலாமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

ஏல அறிவிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள். தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். அந்தக் காலத்து வண்டிகள் எல்லாம் 15 வருஷத்தைத் தாண்டிவிட்டன. 15 வருஷம் முடிந்த அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிப்பது கிடையாது. பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்குத்தான் அவை போக வேண்டும். ஆர்.சி. ரத்தான வண்டியை எடுத்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் தகரம், ரோட்டில் ஓட்ட முடியாது.

தனியார் மருத்துவமனையோ டிரஸ்டோ ஓட்டிய, ஆர்.சி. உயிரோடு இருக்கிற வண்டியாகப் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், கடன் பாக்கி மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

வில்லியனூரில் ஒரு ஃபோர்ஸ் டிராவலர் ஆம்புலன்ஸ் விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, கிலோமீட்டரும் குறைவு. வேறு என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், புதுச்சேரி)

பெயின்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள். தரையைப் பாருங்கள்.

நான் எனக்கென்று வாங்கிய முதல் வண்டியில் இந்தத் தப்பைச் செய்தேன். இன்ஜின் சத்தம் கேட்டேன், கியர் போட்டுப் பார்த்தேன், திருப்தியாகிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பட்டறைக்கு வந்து தரை வினைலை உரித்தால் அடியில் பிளைவுட் ஊறிப்போன ரொட்டி மாதிரி இருந்தது. அதற்கும் கீழே தகரத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் மறுபக்கம் போகிறது. பாதித் தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய மூன்று வாரம் ஆனது.

ஆம்புலன்ஸ் தரையை அடிக்கடி பிளீச்சிங் கலந்த தண்ணீரில் கழுவுவார்கள். குளோரின் இரும்பைத் தின்னும். வினைல் ஓரத்திலும் ஸ்ட்ரெச்சர் போல்ட் ஓட்டையிலும் அந்தத் தண்ணீர் இறங்கி உள்ளேயே நிற்கும். இதோடு நம்ம ஊர் உப்புக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பின்கதவுப் படி, சக்கர வளைவு, ஸ்ட்ரெச்சர் தண்டவாளத்துக்கு நேர் கீழே இருக்கிற இடம், மூன்றையும் தட்டிப் பாருங்கள். கூரையில் சுழல் விளக்கு பூட்டிய ஓட்டைகள் வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று உள்கூரையின் கறையைப் பார்த்தால் தெரியும்.

கிலோமீட்டர் பாதிக் கதைதான் சொல்லும். ஏ.சி.க்காக இன்ஜினை நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலில் மணிக்கணக்கில் நின்ற நேரம் மீட்டரில் ஏறாது, இன்ஜினில் மட்டும் ஏறும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டி என்றால், ஊருக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் ஓடிப் புகை வடிகட்டியில் கரி அடைத்திருக்கலாம். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வருகிறதா என்று பார்த்து, புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வரை ஒரே மூச்சாக ஓட்டிப் பாருங்கள். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன்பே போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். டயரில் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். பட்டை நன்றாக இருந்தாலும் பழைய டயரை மாற்றிவிடுங்கள்.

பாகூரில் இருக்கிறேன், வண்டி டி.என். 31 பதிவு. ஆர்.சி.யில் ஆம்புலன்ஸ் என்றே விட்டுவிட்டு உள்ளே மட்டும் மாற்றிக்கொண்டால் என்ன? (வாசகர், பாகூர்)

தயவுசெய்து வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ். ஆம்புலன்ஸ் என்று பாலிசி எடுத்துவிட்டு உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்திருந்தால், விபத்து நடந்த அன்று கம்பெனிக்குக் கைவிரிக்க நீங்களே காரணம் கொடுத்த மாதிரி.

நேர்வழி இருக்கிறது. 2004-இல் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் தனி வகை, அது போக்குவரத்து அல்லாத வாகனம். ஆம்புலன்ஸ் போக்குவரத்து வாகனப் பட்டியலில் இருக்கிறது. வகை மாறினால் நம்பர் போர்டு மாறும், வரி மாறும், எஃப்.சி. கணக்கும் மாறும். போக்குவரத்து வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் வேறு ஆட்சி, வேறு ஆர்.டி.ஓ. கடலூரில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, பெயர் மாற்றத்துக்கு 29, 30 கொடுத்து, புதுச்சேரியில் பி.ஒய். நம்பர் வாங்குங்கள். மாற்றப்போவதை அளவோடு ஒரு வரைபடமாகப் போட்டு, கேரவனுக்கான ஏ.ஐ.எஸ். 124 தரத்தில் படுக்கை, கேஸ், மின்சாரம் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அதை எடுத்துப்போய் அதிகாரியைச் சந்தியுங்கள். எழுத்தில் அனுமதி வந்த பிறகுதான் பட்டறையில் சுத்தியல் எடுக்க வேண்டும். சேஸிஸ், கூரை உயரம், சக்கர இடைவெளி ஆகியவற்றில் கை வைக்கிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கார் லைசென்ஸ் போதுமா? (வாசகர், சிதம்பரம்)

போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. உங்கள் வண்டியின் மொத்த எடை ஆர்.சி.யிலேயே இருக்கும். வேலை முடிந்ததும் தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் எடை மேடையில் ஏற்றி அந்த அளவைத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சைரனையும் சுழல் விளக்கையும் சும்மா ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், அரியாங்குப்பம்)

கூடாது. சுவிட்சை மட்டும் பிடுங்கினால் போதாது. வயரோடு கழற்றுங்கள், கூரை ஓட்டையைத் தகடு வைத்து அடையுங்கள், முன்னால் திருப்பி எழுதிய எழுத்து முதல் பக்கத்துச் சிவப்புப் பட்டை வரை ஹீட் கன் வைத்து உரித்துவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் லாரன்ஸ் ரோட்டு நெரிசலில் ஜனங்கள் ஒதுங்குவது அபராதத்துக்குப் பயந்து இல்லை. உள்ளே யாரோ உயிருக்குப் போராடுகிறார்கள் என்று நம்பி ஒதுங்குகிறார்கள். சுற்றுலா போகிற வண்டி அந்த நம்பிக்கையை ஒரு தடவைகூட எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

வண்டி வாங்கிவிட்டேன். "எத்தனை பேர் செத்தார்களோ" என்று அம்மா ஏறவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? (வாசகி, பண்ருட்டி)

உங்கள் அம்மாவிடம் வாதாடாதீர்கள் அம்மா. அவர் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே சமயம் என் அக்கா மகன் பிறந்ததே ஓடுகிற ஆம்புலன்ஸில்தான். ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ஓரமாக நிறுத்திப் பிரசவம் பார்த்தார்கள். இப்போது அவன் காலேஜ் படிக்கிறான். இந்த மாதிரி வண்டியில் ஏறிப் பிழைத்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களில் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லி அம்மாவோடு பேச விடுங்கள்.

அப்புறம், சுத்தம் செய்வதை அவர் கண்முன்னால் செய்யுங்கள். தடித்த ரப்பர் கையுறை போட்டு, இருக்கை இடுக்கு, ஸ்ட்ரெச்சர் தண்டவாளம், அலமாரி மூலை எல்லாவற்றையும் முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெறும் விரலை எங்கேயும் விடாதீர்கள், ஊசி கிடக்கும். ஊசி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் காந்தத்தில் சரியாக ஒட்டாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். கிடைத்ததைக் கெட்டியான டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரிக் குப்பையில் சேர்க்கக் கொடுத்துவிடுங்கள். நுரை மெத்தை, ரெக்சின் உறை எதையும் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். அப்புறம் சோப்புத் தண்ணீர், அதன் பிறகு ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங்) கரைசல், பத்து நிமிஷம் கழித்து நிறைய நல்ல தண்ணீர், கடைசியில் இரண்டு நாள் எல்லாக் கதவையும் திறந்து வைத்து வெயில். பிளீச்சிங்கோடு பாத்ரூம் ஆசிட்டை மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

எல்லாம் முடிந்ததும் அம்மா கையாலேயே பூசணிக்காய் சுற்றி உடைக்கட்டும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் அவரே வைக்கட்டும். முதல் பயணம் அவர் கேட்கிற கோயிலுக்கு. திருவந்திபுரம் பக்கம்தானே இருக்கிறது.

உள்ளே ஆக்சிஜன் பைப் லைன் இருக்கிறது. அதிலேயே கேஸ் அடுப்பை இணைத்துக்கொள்ளலாமா? (வாசகர், குறிஞ்சிப்பாடி)

கூடவே கூடாது. அந்தப் பைப்பும் இணைப்பும் ஆக்சிஜனுக்கு என்று செய்தவை. சிலிண்டரில் மிச்சம் ஏதாவது இருந்தால் ஏஜென்சியில் திருப்பிக் கொடுங்கள். வால்வில் எண்ணெய்க் கையோ கிரீஸோ படக் கூடாது, ஆக்சிஜனோடு சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். பைப்பை முழுதாகக் கழற்றிவிடுவதுதான் நல்லது.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். அதனால் சிலிண்டர் பெட்டிக்கு அடித்தளத்தில், வண்டிக்கு வெளியே திறக்கிற மாதிரி ஓட்டை வேண்டும். என்னைக் கேட்டால் பின்கதவைத் திறந்து வெளியே அடுப்பு வைத்துச் சமைப்பதுதான் அழகு. கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு எரிக்காதீர்கள், குளிருக்காகக்கூட.

ராத்திரி முழுக்க ஏ.சி. ஓட எத்தனை பேட்டரி வேண்டும்? (வாசகர், லாஸ்பேட்டை)

ஆம்புலன்ஸில் இருக்கிற ஏ.சி. இன்ஜின் ஓடினால்தான் ஓடும். நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து, புகை உள்ளே வரும். பேட்டரியில் ஓட்டலாமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே மின்சாரம் இருக்கும். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கேட்கும். ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது.

அதே பேட்டரியில் 25 வாட் டி.சி. ஃபேன் இரண்டை எட்டு மணி நேரம் ஓட்டினால் 400 வாட் மணிதான், அரை யூனிட்டுக்கும் குறைவு. விளக்கு, நான்கு மொபைல், ஒரு சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்தும் ஒரு நாள் தாங்கும். கூரையில் 300 வாட் சோலார் போட்டால் நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் வரும், ஐப்பசி கார்த்திகையில் நம்ப முடியாது. கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று வைத்து, எதிர்ப்பக்கம் ஜன்னலில் கொசுவலை அடித்தால் கடலோரத்தில் நன்றாகவே தூங்கலாம்.

பழைய வயரிங்கைப் பிடுங்காமல் ஒவ்வொரு லைனாகச் சோதித்து, பெயர் எழுதி ஒட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். ஈய பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் மூடி வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும்.

இரண்டு பெண் பிள்ளைகளோடு போக வேண்டும். பாதுகாப்பாக இருக்குமா? (வாசகி, நெய்வேலி)

ஆம்புலன்ஸின் பால் கண்ணாடியை மாற்றாதீர்கள். வெளிச்சம் வரும், உள்ளே இருப்பது தெரியாது, திரை வாங்கும் செலவும் மிச்சம். பின்கதவு உள்ளிருந்தும் திறக்கிறதா என்று போவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஓடும்போது பிள்ளைகள் கட்டிலில் படுக்கக் கூடாது, பெல்ட் போட்ட இருக்கையில்தான் உட்கார வேண்டும். முதல் ராத்திரி உங்கள் வீட்டு வாசலிலேயே தூங்கிப் பாருங்கள், என்னென்ன குறை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அடுத்து செஞ்சி, வீராணம் மாதிரிப் பக்கத்து இடங்கள். கல்வராயன் மலைக்கு மூன்றாவது பயணத்தில் போகலாம்.

சில்வர் பீச் மணலில் இறக்கலாமா? (வாசகர், தேவனாம்பட்டினம்)

வேண்டாம். பின்சக்கரம் இழுக்கிற டிராவலரும் புதையும், முன்சக்கரம் இழுக்கிற டாடா விங்கரும் புதையும். போதாததற்கு அடித்தட்டில் உப்பு ஏறும். தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

புயல் நேரத்தில் இந்த வண்டி உதவுமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

அடிக்கும்போது உதவாது, அடித்து ஓய்ந்த பிறகு நிறைய உதவும். உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். கான்கிரீட் கட்டடத்துக்கு மறைவாக, தென்னையும் முருங்கையும் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஓடுகிற வெள்ளத்தில் இறக்கவே கூடாது.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது நம்ம மாவட்டத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத கிராமங்கள் உண்டு. அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே பேட்டரியை முழுதாக ஏற்றி, தண்ணீர் டேங்கை நிரப்பி, டீசலையும் நிரப்பி வையுங்கள். இன்வெர்ட்டரில் வீட்டு பிளக் ஒன்றை பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் ஃபெங்கல் புயல் வந்து தென்பெண்ணையும் பெருகிய அந்த வாரம், பட்டறையில் பாதி வேலையில் நின்ற ஒரு வேனைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கம்பக்கத்து மொபைல்களுக்கெல்லாம் அதில்தான் சார்ஜ். எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல், நெபுலைசரை எடுத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் வருவார். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் போட்ட புதுக் கட்டிலில் உட்கார்ந்து, கால் மணி நேரம் மருந்தை இழுத்துவிட்டுப் போவார்.