தூங்கிய குழந்தையை எழுப்பி வெட்டிய கேக்

கேள்வி: அம்மா, நாங்கள் ஆவடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு மாதம் 28,000 ரூபாய் சம்பளம். அடுத்த மாதம் மகளுக்கு 4 வயது முடிகிறது. ஹால் வாடகை 8,000, 80 பேருக்குத் தலைக்கு 250 வீதம் பஃபே 20,000, பலூன் அலங்காரம் 7,000, மூன்று கிலோ கேக் 3,000 என 38,000 ஆகிறது. "போன வீட்டிலெல்லாம் மொய் செய்திருக்கிறோம், கூப்பிடாமல் எப்படி?" என்கிறார் கணவர். போன வருடமும் இப்படித்தான் செய்தோம். அவர் ஆபீஸ் ஆட்கள் வரத் தாமதமாகி, ஒன்பது மணிக்குக் கேக் வெட்டும்போது பாப்பா தூங்கிவிட்டாள். எழுப்பி வெட்ட வைத்தோம். மாமியார், "வீட்டிலேயே வைத்துக்கலாம், நான் கேசரி கிளறித் தரேன்" என்கிறார். என் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தால் சமாளிக்கலாம். செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, ஆவடி.

பதில்:
அன்பு மகளுக்கு,

ஹாலுக்கு எவ்வளவு, பஃபேக்கு எவ்வளவு என்று ரூபாய் பிசகாமல் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "பாப்பா தூங்கிவிட்டாள், எழுப்பி வெட்ட வைத்தோம்." மூன்று வயதுக் குழந்தை ராத்திரி ஒன்பது மணிவரை யாருக்காகக் காத்திருந்தாள்? அவளுக்கு முகம்கூடத் தெரியாதவர்களுக்காக. கேக் வெட்டுகிற வரைக்கும் பந்தியும் ஆரம்பித்திருக்காது. பசி, ஸ்பீக்கர் சத்தம், உறுத்துகிற ஜரிகைச் சட்டை, கடைசியில் தூக்கம். அந்தத் தூக்கத்தையும் கலைத்துக் கையில் கத்தியைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஆல்பத்தை எடுத்து அவள் முகத்தை மட்டும் பார். இந்த வருடமும் அதே ஹால், அதே 80 பேர் என்று கணக்குப் போட உனக்கு எப்படி மனசு வந்தது?

மொய் என்பது கல்யாணம், காதுகுத்து மாதிரி பெரிய செலவில் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க வந்த வழக்கம். நாலு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளை வைத்து அதைத் திரும்ப வாங்கக் கூடாது. காதுகுத்துக்கு எல்லோரையும் கூப்பிடுங்கள். ஆபீஸுக்குப் பிறந்தநாளன்று காலையில் ஒரு கிலோ ஸ்வீட், ஒரு கிலோ மிக்சர் கொடுத்தனுப்பு, போதும். இதை உன் கணவரிடம் நீதான் சொல்ல வேண்டும், குழந்தையை முன்னிறுத்திச் சொல். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அதற்கு வேளை வரும்.

விழாவை வீட்டில் வை, இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடியில் வை. எட்டுக் குழந்தைகள், அவர்களுடைய அம்மாக்கள், தாத்தா பாட்டி என மொத்தம் 25 பேர். ஒரு சனி, ஞாயிறில் மாலை நாலு முதல் ஆறு மணிவரை. பிறந்த தேதி வாரநாளில் வந்தால் அன்று காலை கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, விருந்தை ஞாயிறுக்குத் தள்ளு. விருந்தன்று மதியம் ஒரு மணிக்கு அவளைத் தூங்க வைத்துவிட வேண்டும். அலங்காரம் செய்கிறேன் என்று அந்த நேரத்தில் வீட்டை உருட்டாதே, முதல் நாள் ராத்திரியே முடி.

வந்ததும் அரை மணி நேரம் விளையாட விடு. கேக்கைக் கண்ணில் காட்டாதே. கண்ணில் பட்டால் அத்தனை விரலும் அதில்தான் இருக்கும். மியூசிக்கல் சேர் வேண்டாம். இந்த வயதில் 'அவுட்' என்றால் அழுகைதான். வட்டமாக உட்கார வைத்து குலை குலையா முந்திரிக்கா ஆடலாம், யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை. சோப்புக் குமிழிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 100 மில்லி பாத்திரம் கழுவும் திரவம், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. முதல் நாளே கலந்து வை, நுரை பொங்க அடித்துக் கலக்காதே. மெல்லிய கம்பியை வளையமாக முறுக்கினால் போதும். கீழே சிந்தினால் வழுக்கும், அதனால் மொட்டை மாடியிலோ வாசலிலோதான்.

நாலே முக்காலுக்குக் கைகழுவிக் கேக். ஒரு கிலோ தாராளம். சின்னத் துண்டாகப் போட்டால் 25 பேருக்கு வரும். ஃபிரெஷ் கிரீம் நம்ம ஊர் வெயிலில் நிற்காது, வெட்டுவதற்கு அரை மணி முன்புவரை ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் இடமில்லையென்றால் பட்டர் கிரீம் வாங்கு. சர்க்கரை மாவால் பொம்மை உருவம் செய்து மூடுகிற கேக்குக்கு விலை கூடும். பிள்ளைகள் அந்தச் சர்க்கரைத் தோலை உரித்துப் போட்டுவிடும்.

பலூன் 50 போதும், கைப்பம்பால் ஊது. முக்கால் அளவோடு நிறுத்து. முழுக்க ஊதினால் சூட்டில் காற்று விரிந்து வெடிக்கும். வெடித்த துண்டை அப்போதே பொறுக்கிவிடு. குழந்தை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தெருவில் விற்கிற கேஸ் பலூனில் ஹைட்ரஜன் இருக்கலாம், அதை மெழுகுவர்த்தி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவராதே. நுரை ஸ்பிரேயும் வேண்டாம், எரியும் வாயுவால்தான் அது பீய்ச்சுகிறது. கேக் மேலே நெருப்பு இருக்கும்போது அடித்தால் குழந்தையின் முகத்திலேயே பற்றிக்கொள்ளும்.

ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு 12 கலர் கிரேயானும் ஒரு வரையும் நோட்டும். பாரிமுனைப் பக்கம் டஜனாக வாங்கினால் விலை குறையும்.

சாப்பாட்டுக்கு மூன்றே ஐட்டம். பிள்ளைகளுக்கு நெய் தடவிய மினி இட்லி, தலைக்கு எட்டு. பெரியவர்களுக்கு மசால் வடை, ஒரு கிலோ கடலைப்பருப்பில் அறுபது வரை வரும். மூன்றாவது, உன் மாமியார் செய்கிறேன் என்ற கேசரி. கேக், பலூன், கிஃப்ட், சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாயைத் தாண்டாது.

அந்தக் கேசரிக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. பேத்திக்குத் தன் கையால் ஒன்று செய்து தர வேண்டுமென்று கேட்கிற பெரியவளை பஃபே வரிசையில் தட்டோடு நிற்க வைக்கலாமா? இன்றைக்கே போய்ச் சொல், அரை கிலோ ரவை, முக்கால் கிலோ சர்க்கரை, கால் கிலோ நெய் வாங்கி வைக்கிறேன் என்று. ஒன்றரை லிட்டர் தண்ணீர் அதற்குக் கணக்கு. நீ பக்கத்திலேயே நின்று பார். ரவை முழுக்க வெந்த பிறகுதான் அவர் சர்க்கரையைப் போடுவார். முந்திக்கொண்டு போட்டால் ரவை விறைத்துப் போய்விடும், அப்புறம் வேகாது. சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவதால் முந்திரியை மட்டும் முழுசாகப் போடாமல், பொடியாக உடைத்துப் போடச் சொல்.