சிரித்தால் ஏன் சரிந்து விழுகிறாள்?

கேள்வி: அக்கா, எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு வருஷமாக எந்நேரமும் தூக்கம்தான். இரவு 9 மணிக்கே படுத்தாலும் வகுப்பில் தூங்குகிறாள், பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விடுகிறாள், சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகிவிடும். தம்பி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தால் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். யாரோ நெஞ்சில் ஏறி அமுக்குவதாக ராத்திரியில் பயப்படுகிறாள். டீச்சர் செல்போனைக் குறை சொல்கிறார். மாமியார் காத்து கருப்பு என்று பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டினார். ரத்த டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

பதில்: சிரித்தால் முழங்கால் மடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் சொன்னீர்களா அம்மா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தூக்கம் தனி, கால் மடங்குவது தனி, அமுக்குவான் பேய் தனி என்றுதான் நினைக்கிறோம். மூன்றும் ஒரே பிள்ளைக்கு வந்தால் நார்கோலெப்சி என்கிற தூக்க நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். நான் டாக்டர் இல்லை, ஆனால் எனக்கும் அந்த நோய்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

நம்மை விழித்திருக்க வைப்பதற்கு மூளையில் ஓரெக்சின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததே 1998-இல்தான். சிரித்தால் சரிகிற வகை நார்கோலெப்சியில் அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோய்விடுகின்றன. மற்றவர்களுக்குத் தூங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து வருகிற கனவுத் தூக்கம் இந்த நோய் உள்ள எங்களுக்குச் சில நிமிஷத்திலேயே வந்துவிடும். கனவு காணும்போது கை கால் ஆடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப் போடும். அந்தக் கட்டு முழித்திருக்கும்போதே, அதுவும் சிரிப்பிலோ கோபத்திலோ வந்தால் ஆள் சரிந்துவிடுவார், தூங்கி எழும் நேரத்தில் வந்தால் அசைய முடியாது, கனவும் கண் முன்னால் ஓடும், அதுதான் நெஞ்சில் உட்காருகிற உருவம்.

விழுந்து கிடக்கும்போது அவளுக்கு நினைவு இருக்கும், நீங்கள் பேசுவது அத்தனையும் கேட்கும். வலிப்பு என்று பதறி சாவிக் கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். தலை இடிக்காமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், பெரும்பாலும் ஓரிரண்டு நிமிஷத்துக்குள் சரியாகிவிடும்.

அப்படி ஆகும்போது தம்பியை விட்டு செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எப்போது தூங்கினாள், எப்போது எழுந்தாள் என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு மதுரை பெரிய ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குப் போங்கள், தூக்கப் பரிசோதனை எங்கே செய்யலாம் என்று அங்கேயே கேளுங்கள். ஓர் இரவு முழுக்கத் தூங்க வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என நாலைந்து முறை படுக்க வைப்பார்கள். சராசரியாக 8 நிமிஷத்துக்குள் தூங்கி, கனவுத் தூக்கமும் சீக்கிரமே வந்தால் அநேகமாக இதுதான்.

இந்த நோய் முழுசாகக் குணமாகாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மருந்து இருக்கிறது. பகலில் தூங்காமல் விழித்திருக்க மோடாஃபினில் மாதிரி ஒன்று, சரிந்து விழுவதற்கு வேறொன்று, எது என்பதை டாக்டர் முடிவு செய்வார். அதோடு மதியம் கால் மணி நேரத் தூக்கம் ரொம்ப உதவும், டாக்டரிடம் சீட்டு வாங்கி ஹெட்மாஸ்டரிடம் கொடுங்கள். சோம்பேறி என்று அந்தப் பெண்ணைச் சொல்வதை முதலில் வீட்டில் நிறுத்துங்கள், பிறகு பள்ளிக்கூடத்தில் நிறுத்தலாம். கிணற்றில் தனியாகக் குளிக்க விடாதீர்கள், அடுப்படியில் ஆள் இருக்கட்டும், ஸ்கூட்டி இப்போதைக்கு வேண்டாம். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், மாமியாரோடு சண்டை வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: எனக்கு நார்கோலெப்சி, மாத்திரை சாப்பிடுகிறேன். வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லக்கூடாது என்கிறார் அம்மா. பிள்ளைகளுக்கும் வருமா அக்கா? (வாசகி, திருநகர்)

பதில்: சொல்லிவிடு தங்கச்சி. நானும் சொல்லித்தான் கல்யாணம் செய்தேன், அதனால் தட்டிப்போன இடமும் உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பகல் தூக்கத்தை எத்தனை நாள் மறைப்பாய்? பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டுதான், அதையும் சேர்த்தே சொல். அப்புறம், நீ சாப்பிடுவது மோடாஃபினில் என்றால் கருத்தடை மாத்திரையின் பலனை அது குறைத்துவிடும். குழந்தை பெற நினைக்கும்போதும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசி மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், நீயாக நிறுத்திவிடாதே.