ஓக் மரம் இல்லாத ஊரில் ஒரு ட்ரூயிட்

கேள்வி: காரைக்குடியில் நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு கேரக்டராகிக் கதையை நடத்தும் விளையாட்டு. பேச்செல்லாம் தமிழில்தான். என் புது கேரக்டர் ஒரு ட்ரூயிட், அதாவது இயற்கையின் சக்தியை ஆளும் மந்திரவாதி. இணையத்தில் பேர் தேடினால் 'ஓக்கன்தார்ன்' மாதிரிதான் வருகிறது. சொன்னதுமே எல்லாரும் சிரிக்கிறார்கள். வனதேவன், பசுமைவேந்தன் என்று இரண்டு யோசித்திருக்கிறேன். சரிவருமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வனதேவன் புராண நாடகத்து ஆள். பசுமைவேந்தன் என்றால் இயற்கை உர மூட்டையில் அச்சடித்த பேர் போல இருக்கிறது. 'இயற்கை' என்று மொத்தமாகச் சொல்கின்றனவே தவிர, எந்த ஊர், எந்த மண் என்பது இரண்டிலும் இல்லை. உங்கள் நண்பர்கள் சிரித்த ஓக்கன்தார்னில்கூட அது இருக்கிறது. ட்ரூயிட்கள் பழைய காலத்தில் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்), பிரிட்டன் பகுதிகளில் வாழ்ந்த கெல்டிய இனத்தாரின் பூசாரிகள். அவர்கள் ஓக் மரத்தையும் அதில் படரும் புல்லுருவியையும் புனிதமாகக் கொண்டார்கள் என்று ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார். ஆங்கிலப் பேர்களில் ஓக் நிறைந்திருப்பது அதனால்தான். செட்டிநாட்டில் ஓக் ஏது?

ஆகவே முதலில் நிலத்தை முடிவு செய்யுங்கள். 2014 விதிப்புத்தகத்தில் 'சர்க்கிள் ஆஃப் தி லேண்ட்' என்ற பிரிவை எடுக்கும் ட்ரூயிட், காடு, மலை, கடற்கரை, பாலைவனம் என எட்டு நிலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் பக்கத்துச் செம்மண், செம்புறாங்கல், வானம் பார்த்த கண்மாய் இவற்றை வைத்து யோசித்தால் பேர் தானாக வரும். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் இலுப்பைக்குடியும் வேலங்குடியும் உண்டு. மரத்தை ஊர்ப்பேரிலேயே வைத்திருக்கிறார்கள். வயதான ட்ரூயிடுக்கு 'இலுப்பை' என்ற ஒரு சொல்லே போதும்.

இன்னும் நல்ல வழி குறுந்தொகையில் இருக்கிறது. சொந்தப் பேர் தெரியாத புலவர்களுக்கு அவர்கள் பாட்டில் வந்த காட்சியையே பேராக வைத்திருக்கிறார்கள்: செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார். வெறும் பூப்பேரைவிட இது எனக்குப் பிடிக்கக் காரணம், ஒவ்வொன்றிலும் ஏதோ நடக்கிறது. 41ஆம் பாட்டின் அணிலாடு முன்றிலாரைப் பாருங்கள். ஆட்கள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடும் காட்சி அது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை நாள்தோறும் கடந்துபோகும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளவில் புல் மண்டி, சுவரில் அரசமரம் முளைத்த வீடுகளைக் காக்கும் ட்ரூயிட் ஒருவர் இருந்தால் அவருக்கு 'முன்றிலார்' பொருந்தும். இளைய ஆள் என்றால் 'ஆர்' வேண்டாம், 'முன்றில்' போதும்.

மிருகமாக மாறுவதே முக்கியமான 'சர்க்கிள் ஆஃப் தி மூன்' பிரிவு ட்ரூயிட் என்றால் குறுந்தொகையின் 47ஆம் பாட்டைப் பாருங்கள். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை, புலிக்குட்டி போலத் தெரிகிறதாம். அந்த இரவில் காயும் நிலவை நோக்கித்தான் பாட்டே. பாடியவர் நெடுவெண்ணிலவினார். புலியும் நிலவும் ஒரே பாட்டில்! 'வேங்கை' என்று வைத்தால் மரமும் ஆச்சு, புலியும் ஆச்சு.

பறவைப் பேர் வேண்டுமானால் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி போடாத கிராமங்கள் அங்கே உண்டு. ஒரு ட்ரூயிட் கூட்டத்துக்கு அதைவிட என்ன பின்கதை வேண்டும்? இரவில் இரை தேடும் 'வக்கா' எனக்குப் பிடித்த பேர். ஒன்று மட்டும்: மிருகமாக மாறும் 'வைல்ட் ஷேப்' சக்தியில் பறக்கும் உருவம் எடுக்க எட்டாவது லெவல் ஆக வேண்டும். அதுவரை "பறக்காத வக்கா" என்று கிண்டல் செய்வார்கள்.

பாரி என்று வைக்காதீர்கள். பறம்பு மலை எனப்படும் பிரான்மலை பக்கத்திலேயே இருப்பதால் ஆசை வரும். ஆனால் முல்லைக்கு எப்போது தேர் கொடுப்பாய் என்றே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேண்டுமானால் உங்கள் ட்ரூயிட் கூட்டத்துக்கு 'முல்லைத்தேர்' என்று பேர் வையுங்கள். அய்யனார், கருப்பர் பேர்களும் வேண்டாம். சண்டையில் கேரக்டர் செத்தால் யாராவது ஒருவருக்கு மனசு சங்கடப்படும்.

நீளமான பேர் பிடித்திருந்தால் விட வேண்டாம். ட்ரூயிட்களுக்கு 'ட்ரூயிடிக்' என்ற ரகசிய மொழி இருக்கிறது. நெடுவெண்ணிலவினார் அதில் வழங்கும் பேராக இருக்கட்டும், மற்றவர்கள் கூப்பிட 'நிலவன்' இருக்கட்டும். சண்டை நடுவே, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் ஒரே மூச்சில் கூப்பிட முடிய வேண்டும். கூட ஆடுபவர் பேரும் 'வே' என்று தொடங்கினால் வேங்கையை விட்டுவிடுங்கள், முறை சொல்லும்போது குழம்பும்.

வில்லன் ட்ரூயிடுக்குப் பேர் தேடும் வேலையே இல்லை. வெளியிலிருந்து வந்து கண்மாயையெல்லாம் வளைத்துக்கொண்ட சீமைக்கருவேலம் இருக்கிறதே, 'சீமையன்' என்று வைத்துவிடச் சொல்லுங்கள்.