பிம்ப்: கார்னிஷ் மொழியின் ஐந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பற்றிய ஆவணப்படம் ஒன்று பார்த்தேன். அங்குள்ள பழைய மொழியில் ஐந்துக்கு ‘பிம்ப்’ என்கிறார்கள். இது நம் ஐந்தோடு தொடர்புடையதா, ‘பஞ்ச’வோடா? அந்த மொழி இன்னும் இருக்கிறதா?

ந., திருநெல்வேலி

அன்புள்ள ந.,

ஐந்து திராவிடச் சொல். அதற்கும் பிம்ப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பஞ்சவுக்கு உண்டு.

கார்னிஷின் கடைசிப் பேச்சாளர் என்று சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் 1777இல் இறந்தார். ஹென்றி ஜென்னர் 1904இல் ஒரு கையேடு எழுத, மொழி மீண்டும் கற்கப்பட்டது. இன்று பேசுபவர்கள் இருக்கிறார்கள், அதிகம் இல்லை.

பஞ்சவுக்கே வருகிறேன். இரண்டும் ‘ப’வில் தொடங்குவதால் உறவு என்று நினைத்திருப்பீர்கள். உறவு சரி, காரணம் தவறு. சமஸ்கிருதம், லத்தீன், கார்னிஷ் எல்லாம் இந்தோ ஐரோப்பியம் என்ற ஒரே மொழிக்குடும்பம். அதன் மூலச்சொல்லை ‘பென்க்வே’ என்று ஊகிக்கிறார்கள். சமஸ்கிருதம் அந்த முதல் பகரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. லத்தீனிலும், கார்னிஷ், வெல்ஷ், ஐரிஷ் முதலிய கெல்டிக் மொழிகளிலும் பின்னால் நின்ற ‘க்வ’ முன்னதையும் தன்னைப் போலாக்கிவிட்டது. லத்தீனில் அது க்வின்க்வே. பிறகு கார்னிஷ், வெல்ஷ், பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் பேசப்படும் பிரெத்தோன் மூன்றுக்கும் தாயான மொழியில் எல்லா ‘க்வ’வும் ‘ப’ ஆயின. போன ப வேறு, வந்த ப வேறு!

தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு ஆவதுபோல இதுவும் ஒழுங்கான மாற்றம்தான். வெல்ஷ் அறிஞர் எட்வர்ட் லூயிட் 1707இல் வெளியிட்ட நூலிலேயே, ஐரிஷில் ககரம் வரும் இடத்தில் இம்மொழிகளில் பகரம் வருவதைக் கவனித்திருக்கிறார். கார்னிஷில் நான்கு ‘பெஸ்வர்’. நம் சதுரத்துக்குள் இருக்கும் வடமொழிச் ‘சதுர்’ அதற்கு உடன்பிறப்பு என்றால் காது நம்பாது. சொல்லாராய்ச்சியில் காதை நம்பி இறங்குகிறவர்கள் நம்மிடையே கொஞ்சம் அதிகம் என்பதால் இதை நீட்டிச் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது மீன். கெல்டிக் மொழிகள் சொல்லின் முதலில் நின்ற பழைய பகரத்தை இழந்தவை. லத்தீனில் ‘பிஸ்கிஸ்’ ஆன அதே மூலச்சொல் ஐரிஷில் ‘இயஸ்க்’ ஆக நிற்பது அதனால்தான். கார்னிஷிலோ ‘பிஸ்க்’. பகரம் இருக்கிறதே! அப்படியானால் அது பரம்பரைச் சொத்தல்ல. ரோமானியர் ஆண்ட காலத்தில் லத்தீனிலிருந்து வாங்கியது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த கார்ன்வால்காரர்கள் மீனுக்கே கடன் வாங்கியிருக்கிறார்கள்.